மாடி அறையைப் பற்றி ஒரு பேச்சு

மார்ச் 3

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா நலம். முழங்கால் மட்டும் நலமில்லை. அது என்னைக் கேட்காமல் தனியாக வயதாகிவிட்டது. நீ சொன்னபடி, நீ வேலை செய்கிற கிடங்கு முகவரிக்கே எழுதுகிறேன். உங்கள் ஒற்றை அறை வீட்டில் போன் பேசினால் மாப்பிள்ளை காதில் விழும், வீடு கிடைப்பதற்கு முன்னால் அவருக்கு ஆசை காட்ட வேண்டாம் என்றாய். நியாயம். எனக்கும் கடிதம்தான் தோது. போனில் நீ குறுக்கே புகுந்து, விஷயத்துக்கு வாங்க மாமா என்பாய். கடிதத்தில் நான் விஷயத்துக்கு வரும்வரை நீ காத்திருந்துதான் ஆக வேண்டும்.

நீ அமர்த்திய தரகரம்மாவைப் பார்த்தேன். தரகு எனக்குத் தெரியாததா? முப்பத்தோரு வருடம் ஏலக்கடையில் கூவியவன். கால் உடைந்த நாற்காலியை ஓட ஓட விற்றவன். ஒரு தடவை நான் ஒரு அலமாரியைப் புகழ்ந்த புகழ்ச்சியில், விற்கக் கொண்டுவந்தவனே மனம் மாறி அதைத் தானே ஏலம் எடுத்துக்கொண்டு போனான். எட்டாவதோடு படிப்புக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனதே தவிர, சாமான் விஷயத்தில் நான் பெரிய பட்டதாரி. அப்பேர்ப்பட்ட என்னிடம் அந்த அம்மா சொன்னது: "நான் வாங்கறவங்க பக்கம் மட்டும்தான். விக்கிறவங்க வீட்ல ஒரு டீகூடக் குடிக்க மாட்டேன்." இரண்டு பக்கமும் கை நீட்டாத தரகரை நான் கண்டதில்லை. கை இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. அதில் ஒரு கோலிக்குண்டும் இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் குண்டைத் தரையில் வைத்துவிட்டுப் பேசாமல் நிற்கிறார். உருண்டால் தரை வாட்டம் தப்பு. பிறகு எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டுச் சுவரில் காதை வைக்கிறார். கோலிக்குண்டு அம்மா என்று பெயர் வைத்துவிட்டேன். எனக்கு ஒரே ஒரு சட்டம் போட்டார்: வீட்டைப் புகழவும் கூடாது, குறை சொல்லவும் கூடாது, வாயைத் திறக்காமல் வந்தால் போதும். மழையைப் பார்த்து நனைக்காதே என்கிற மாதிரி.

மூன்று வீடு பார்த்தோம். முதல் வீட்டில் குளியலறைக்குள் ஆள் போனால் சோப்பு வெளியே நிற்க வேண்டும். இரண்டாவதில் கூடத்தில் வைத்த குண்டைச் சமையலறை அடுப்புக்கு அடியில் தேடி எடுத்தோம். மூன்றாவது அரண்மனைதான், ஆனால் வாசலில் ஒன்பது படி. மாமா இருக்கப் பயமேன்?

உன் மாமா

மார்ச் 9

மாமாவுக்கு,

மதிய இடைவேளையில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். இருபது நிமிடம்தான்.

எங்கள் மருந்துக் கிடங்கு ஜூலையில் உங்கள் ஊருக்கு மாறுகிறது. கூடவே வந்தால் எனக்கு வேலை உண்டு. அதற்குள் வீடு வேண்டும்.

அவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து பதினான்கு மாதம் ஆகிறது. இந்த மூன்றாம் மாடியிலிருந்து நான்கு தடவைதான் இறங்கினார், நான்கும் ஆஸ்பத்திரிக்கு. நாற்பத்தெட்டுப் படி, லிஃப்ட் கிடையாது. சுமை தூக்குகிறவர்கள் இரண்டு பேர் சக்கர நாற்காலியோடு தூக்குவார்கள். கடைசித் தடவை திருப்பத்தில் நாற்காலி சாய்ந்தது. இவர் கைப்பிடியைப் பிடித்ததில் உள்ளங்கை கிழிந்துவிட்டது. இனிமேல் இறங்க மாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னவர், சொன்னபடியே இருக்கிறார். கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டேன். சுவர்ப் பக்கம் திருப்பிப் போடச் சொல்லிவிட்டார்.

படி இல்லாத வாசல். கீழேயே படுக்கையறை, குளியலறை. கதவு முப்பத்திரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அளந்து எழுதுங்கள். "ஏறக்குறைய" என்ற சொல்லே வேண்டாம்.

அம்மா இருந்தபோது உங்களைப் பற்றிச் சொல்வாள், "என் தம்பி பத்து சொன்னா மூணு எடுத்துக்கோ." இந்தத் தடவை எனக்குப் பத்துக்குப் பத்தும் வேண்டும் மாமா. தரகரம்மா சொல்வதைக் கேளுங்கள்.

மருமகள்

மார்ச் 17

அன்புள்ள மருமகளுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. வீடு கிடைத்துவிட்டது.

வாசலில் படியே இல்லை. பதினோரு அடி நீளத்துக்குச் சிமெண்ட்டுச் சரிவு. வீட்டுக்காரருடைய பையன் மோட்டார் சைக்கிளை உள்ளே ஏற்ற வேண்டும் என்று அவரே கலவை குழைத்துப் போட்டாராம். மாப்பிள்ளை நாற்காலி அதில் தண்ணீரில் விட்ட இலை மாதிரி போகும். கதவு முப்பத்து நான்கு அங்குலம். கோலிக்குண்டு அம்மா அளந்தார், நாடாவின் மறுமுனையைப் பிடித்தவன் நான், ஆகவே சத்தியம். குண்டு வைத்த இடத்திலேயே தவம் செய்தது. கீழே படுக்கையறை, குளியலறை எல்லாம் உண்டு. மாடியில் ஒரே ஒரு அறை. ஏறிப் பார்த்தேன். அங்கே அடித்த காற்று என்னைத் தள்ளிக்கொண்டு போய் ஜன்னலில் நிறுத்திவிட்டது.

வீட்டுக்காரர் தண்ணீர் மீட்டர் படிக்கிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வட்டாரத்தில் அவர் கால் படாத வீடு இல்லை. மனைவி போய்விட்டார். பையன் எங்கே என்று கேட்டதற்கு, இப்ப இங்க இல்ல என்றார். வெளியூரில் வேலை போலிருக்கிறது.

விலைதான் உன் எல்லைக்கு மேலே நின்றது. அங்கேதான் உன் மாமாவின் வேலை. கோலிக்குண்டு அம்மா பின்பக்கம் குழாய் திறக்கப் போயிருந்தார். கூடத்தில் நானும் அவரும்தான். குரலைத் தாழ்த்தி ஒரே ஒரு வார்த்தை போட்டேன்.

"எல்லாம் சரிதான் ஐயா. அந்த மாடி ரூமப் பத்திதான் தெருவுல ஒரு பேச்சு இருக்கு."

"என்ன பேச்சு?"

"அத என் வாயால எதுக்குச் சொல்லணும்?"

அவ்வளவுதான். மனிதர் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் குழாய் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் எண்ணவில்லை, ஆனால் ஒரு வாளி நிறைந்திருக்கும். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "நாலுல ஒரு பங்கு கொறச்சுக்கறேன். சீக்கிரம் முடிச்சிடுங்க."

நாலில் ஒரு பங்கு! மூன்று வீட்டுக் குழாயைத் திறந்தும் அந்த அம்மாவால் ஒரு காசு குறைக்க முடிந்ததா? மாப்பிள்ளையின் பெட்டியைக் கட்டு.

உன் மாமா

மார்ச் 24

மாமா,

தரகரம்மா கிடங்குக்கே போன் செய்தார். அளவெல்லாம் சரி, வீடு நல்ல வீடு என்றார். ஆனால் கேட்காமல் குறைகிற விலையை அவர் நம்புவதில்லையாம். அதனால் மறுநாள் தனியாகப் போயிருக்கிறார். மீட்டர்காரர் கதவைப் பாதிதான் திறந்தாராம். "தெருவே பேசுதுன்னு உங்க ஆளு சொன்னாரே, இன்னும் என்ன தெரியணும் உங்களுக்கு?" என்றாராம். பிறகு அவரே சொல்லிவிட்டார்.

அந்தப் பையன் வெளியூரில் இல்லை மாமா. ஒன்பது வருடத்துக்கு முன்னால், இருபத்திரண்டு வயதில், அந்த மாடி அறையில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். புருஷனும் பெண்டாட்டியும் ஊருக்குக் காய்ச்சல் என்று சொல்லி அடக்கிவிட்டார்கள். அந்த அம்மாவும் போன பிறகு அது அவர் ஒருவருக்குள்தான் இருந்தது. தரகரம்மாவிடம் அவர் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: "முப்பது வருஷம் இந்த வீடுகள்ல மீட்டர் படிச்சிருக்கேன். எல்லார் வீட்லயும் தண்ணி வாங்கிக் குடிச்சேன். தெரிஞ்சு வெச்சுக்கிட்டுதான் குடுத்தாங்களா?"

இப்போது அவர் வெளியே வருவதில்லை. ஜன்னல்களும் சாத்தியே கிடக்கின்றன.

தரகரம்மா அந்தத் தெருவில் பதினோரு வீட்டில் விசாரித்தார். எதையும் எடுத்துக் கொடுக்காமல், இந்த வீட்டைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டதுண்டா என்று மட்டும். நல்ல மனிதர், பாவம், பையன் காய்ச்சலில் போனான் என்றார்கள். அதற்கு மேல் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

உங்களிடம் சொன்னது யார்? ஒரே ஒரு ஆளைக் காட்டுங்கள்.

மருமகள்

மார்ச் 28

அன்புள்ள மருமகளுக்கு,

டீக்கடையில் ஒரு ஆள் சொன்னான். ஒல்லியான ஆள், காதோரம் மட்டும் நரை, சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். அவனாகத்தான் பேச்சை ஆரம்பித்தான். எதிர்த்த சலூனில் முடி வெட்டுகிறவரும் தலையை ஆட்டினார்

மேலே எழுதியதை அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும், நீயும் பார். பேனாவை மூடிவிட்டுப் போய்ப் படுத்தேன், எழுந்தேன், சட்டை பட்டனைத் தைத்தேன், மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.

யாரும் சொல்லவில்லை. நானாகச் சொன்னேன்.

எங்கள் தொழிலில் செத்தவர் கட்டில் என்று ஒன்று உண்டு. முதலாளிக்கு வேண்டிய ஆளுக்கு ஒரு கட்டில் மலிவாகப் போக வேண்டும் என்றால், கூவுகிறவன் குரலைத் தாழ்த்தி, இதுலதான் ஒருத்தர் போய்ச் சேந்தாரு என்பான். கூட்டம் ஒரு அடி பின்வாங்கும். வேண்டிய ஆள் கை தூக்குவார். அப்படி நூறு கட்டிலில் நூறு பேரைக் கொன்றிருக்கிறேன். உண்மையில் ஒருவரும் சாகவில்லை. சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போவோம். அந்தப் பழக்கத்தில் வாயில் வந்தது. இருட்டில் அம்பு எய்த எனக்கே அங்கே ஆள் இருப்பது தெரியாது.

ஆனால் ஒன்று யோசித்துப் பார். சொன்னவன் நான், பாவம் எனக்கு. விலையைக் குறைத்தவர் அவர். நடுவில் நீ எங்கே வருகிறாய்? ஒன்பது வருடம் அடக்கி வைத்ததை ஒருவரிடம் கொட்டிவிட்டார், அதுவும் ஒரு வகையில் நல்லதுதானே? வீட்டை வாங்கிவிடு. சரிவு பதினோரு அடி, கதவு முப்பத்து நான்கு. இப்படி இன்னொன்று கிடைக்காது.

உன் மாமா

ஏப்ரல் 3

மாமா,

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே ஒரு வரி எழுதி உறையில் போட்டு ஒட்டினேன்: "சும்மா இருங்கள், யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம்." அது இன்னும் என் பையில் இருக்கிறது. தபால்பெட்டியைத் தாண்டித்தான் தினமும் போகிறேன். இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. உங்களைத் திட்டும் யோக்கியதை எனக்கு முழுசாக இல்லை.

குறைத்த விலைக்கே வாங்கலாமா என்று தரகரம்மாவிடம் கேட்டேன். "நான் உங்க பக்கத்து ஆளு. அந்த விலைக்கு முடிச்சுக் குடுன்னா முடிச்சுக் குடுப்பேன், அதான் என் வேலை. ஆனா அந்தக் கேள்விய நீங்கதான் உங்களக் கேட்டுக்கணும், என்னைக் கேக்காதீங்க" என்றார். பேச்சை அத்துடன் முடித்துக்கொண்டார்.

நேற்று இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வீடு தேடுவது, சரிவு, மாடி அறை, நீங்கள், என் பையில் இருக்கும் உறை, எல்லாம். கோபப்படுவார் என்று நினைத்தேன். சுவரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப அவர் வெளியவே வர்றதில்லயா?"

"இல்ல."

"பால் கீல் யாராவது வாங்கிக் குடுக்கறாங்களா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.  ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை.

போய்ச் சொல்லிவிடுங்கள் மாமா. மூன்று வாக்கியம் போதும். தெருவில் யாரும் பேசவில்லை. நான்தான் பொய் சொன்னேன். உங்கள் பழைய விலைதான் விலை. நான்காவது வாக்கியம் ஒன்று வந்தால் அதில் பொய் கலந்திருக்கும்.

இன்னொன்று. சக்கர நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. சொன்னால் அது மன்னிப்புக் கேட்பது இல்லை, பேரம். பழைய விலை நம்மால் ஆகாது. தெரிந்துதான் எழுதுகிறேன்.

மருமகள்

ஏப்ரல் 12

அன்புள்ள மருமகளுக்கு,

இரண்டு தடவை அவர் வீட்டுக் கேட் வரை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை போன அன்று பால்காரர் வந்து, பாக்கெட்டைக் கம்பியில் மாட்டிவிட்டுப் போனார். உள்ளேயிருந்து ஒரு கை மட்டும் வந்து அதை எடுத்தது. கதவு மூடுவதற்குள் கூப்பிட்டுவிட்டேன். மாப்பிள்ளையிடம் சொல், பால் வருகிறது.

நீ சொன்ன மூன்றையும் சொன்னேன். வரிசைகூட மாற்றவில்லை.  அவர் சொன்னார், "நீங்க நல்ல மனுஷன். என் மனசு ஆறணும்னு சொல்றீங்க."

மருமகளே, அறுபத்தாறு வயதுவரை என்னை யாரும் நல்ல மனுஷன் என்று சொன்னதில்லை. சொன்ன அன்றைக்கு இல்லை இல்லை என்று மறுக்க வேண்டியதாகிவிட்டது. அலமாரியைப் பற்றிச் சொன்னால் நம்புகிறார்கள், கட்டிலைப் பற்றிச் சொன்னால் நம்புகிறார்கள். உள்ளதைச் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேனாம். செத்தவர் கட்டில் கதையைச் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் அவர் அசையவில்லை.

"யாரும் சொல்லாமதான் சொன்னீங்கன்னா, ஏன் மாடி ரூம்? சமையல் ரூம்னு சொல்லியிருக்கலாமே?"

நல்ல கேள்வி. அதற்குத்தான் நான்காவது வாக்கியம் தேவைப்பட்டது, மன்னித்துவிடு. "நான் பாக்காத ரூம் அது ஒண்ணுதான்" என்றேன். "கண்ணால பாத்த ரூமுக்குக் கதை கட்டினா மாட்டிக்குவேன். முட்டி மடங்கல, நான் மேல ஏறவே இல்ல."

"ஏறுங்க பாப்போம்" என்றார்.

ஏறினேன். அந்தப் படி அகலம் குறைவு, உயரம் அதிகம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் முட்டி பூட்டிக்கொண்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது. அது அலங்காரத்துக்கு எழுதியது இல்லை. ஆக, மாடிக் காற்று என்னை ஜன்னலில் நிறுத்தியது என்று உனக்கு எழுதியதும் பொய். அங்கே ஜன்னல் எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது.

அவர் என் முட்டியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் நம்பினார். வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்தார். அன்றைக்கு நான் அந்த வார்த்தையைப் போட்டபோது அவர் உட்கார்ந்த அதே படி.

"அப்ப யாருக்கும் தெரியாது."

"தெரியாது."

"தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்காங்களோன்னு ரொம்ப நாளா சந்தேகம், அதான் வீட்டையே விக்கப் போட்டேன். நீங்க சொன்னதும் நெசம்னு ஆயிடுச்சு."

அதற்குமேல் நீ என்ன கேட்க வேண்டும்? வீடு விற்பனைக்கு இல்லை. யாருக்காகப் பார்க்க வந்தீர்கள் என்று அவராகக் கேட்டார். நாக்கு நுனிவரை நாற்காலி வந்தது. மருமகளுக்கு என்று மட்டும் சொல்லி வாயை மூடிக்கொண்டேன். மூடியதில் தாடை இன்னும் வலிக்கிறது.

என்னைக் கையைப் பிடித்து இறக்கி, கேட் வரைக்கும் வந்தார். நல்ல வெயில். எதிர்வீட்டுப் பெண்மணி துணி உதறிக்கொண்டிருந்தவர், என்ன சார், ரெண்டு மூணு வாரமா ஆளையே காணோம் என்று கேட்டார். மீட்டர்காரர் கொஞ்சம் யோசித்தார். "காய்ச்சல்" என்றார். உள்ளே போகவில்லை. அங்கேயே நின்று, அந்தப் பெண்மணி சொன்ன கஷாயத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் தெருக்கோடியில் திரும்பிப் பார்த்தபோதும் நின்றுகொண்டிருந்தார்.

உனக்கு வீட்டைத் தொலைத்தவன் நான்தான். விலையைக் குறைத்துத் தொலைத்தேன், உண்மையைச் சொல்லியும் தொலைத்தேன். உன் அம்மா சொன்ன கணக்கில் இந்தக் கடிதம் பத்துக்குப் பத்து.

மாமா

ஏப்ரல் 19

மாமாவுக்கு,

இனி வீட்டு முகவரிக்கே எழுதலாம். உங்கள் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். பால்காரர் வந்த இடத்தில் "ம்" என்றார். படி ஏறிய இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி வாசிக்கச் சொன்னார்.

"நாலாவதுலயா உக்காந்துட்டார்?"

"ஆமா."

"அவருக்கே காலு ரெண்டும் இருக்கு."

சிரித்தார் என்று எழுத மாட்டேன். பத்துக்குப் பத்து எழுத வேண்டும் அல்லவா? மூச்சு மட்டும் சிரிப்பு மாதிரி வந்தது. என் பையிலிருந்த உறையை அவரே வாங்கிக் கிழித்துப்போட்டார்.

தரகரம்மா வேறொரு வீடு பார்த்து வைத்திருக்கிறார். நம் விலைக்குள்தான். சின்ன வீடு, கூடத்தில் வெளிச்சம் கம்மி. கதவு முப்பத்திரண்டு அங்குலம். வாசலில் இரண்டு படி இருக்கிறது, சரிவு போட்டுக்கொள்ளலாம் என்கிறார். நாம் போய்ப் பார்த்துச் சொல்வதற்கு அடுத்த சனிக்கிழமைவரை நேரம் வாங்கியிருக்கிறார். மாமாவைப் போய்ப் பார்க்கச் சொல்கிறேன் என்றேன். அதற்கு இவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், வருத்தப்படாதீர்கள்: "உங்க மாமா சொல்றத நம்பி வீடு வாங்க முடியாது. நானே வந்து பாக்கறேன்."

இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். நானே வருகிறேன் என்றுதான் சொன்னார்.

சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு வேன் சொல்லியிருக்கிறேன். சுமை தூக்குகிறவர்கள் இரண்டு பேரும் வருகிறார்கள். நீங்கள் வெள்ளிக்கிழமையே பஸ் ஏறி வந்துவிடுங்கள். தூக்க வேண்டாம், மேலே ஏறி வரவும் வேண்டாம். கீழே கடைசிப் படிக்குப் பக்கத்தில், திருப்பங்கள் தெரிகிற இடத்தில் நின்றால் போதும்.

நாற்காலியைச் சாய்த்து இறக்கும்போது அவருக்குப் படி தெரியாது. மேல்கூரைதான் தெரியும். இன்னும் எத்தனை, இன்னும் எத்தனை என்று கேட்டுக்கொண்டே வருவார். தூக்குகிறவர்களுக்கு மூச்சு வாங்கும். நான் பின்னாலிருந்து பிடித்திருப்பேன், என் குரல் நடுங்கிவிடும். உங்கள் குரல் மூன்று மாடிக்கும் கேட்கும். நாற்பத்தெட்டிலிருந்து கூவுங்கள். அவர் சத்தம் போட்டாலும், பாதியில் நிறுத்தச் சொன்னாலும், மிச்சம் எத்தனையோ அத்தனைதான் சொல்ல வேண்டும். மனசு கேட்காமல் நாலைந்தைக் குறைத்துவிடாதீர்கள்.

மருமகள்